சர்ச்சிலைக் கவிழ்த்தவரும் சேலத்துக் கள்ளுக்கடையும்

சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய நாட்டின் குலபானம் விஸ்கி. அந்த விஸ்கி மண்ணிலேயே ஒருவர் மதுவிலக்குக் கட்சி நடத்தினார் என்றால் நம்புவீர்களா?

எட்வின் ஸ்க்ரிம்ஜர் என்று பெயர். டண்டி தொகுதியில் ஐந்து முறை நின்று ஐந்து முறையும் மண்ணைக் கவ்வியவர். ஆறாவது முறை, 1922இல், வின்ஸ்டன் சர்ச்சிலையே கவிழ்த்துவிட்டார். குடிக்கு எதிரான கட்சி உலகில் யாரைத் தோற்கடிக்கலாம் என்று பட்டியல் போட்டால் முதல் பெயர் அதுதானே! அப்போதுதான் குடல்வால் அறுவை முடிந்து படுத்திருந்த சர்ச்சில், பதவி, தொகுதி, கட்சி, குடல்வால் நாலும் ஒரே மூச்சில் போய்விட்டதாகக் கணக்குச் சொன்னார். வென்றவர் நாடாளுமன்றத்தில் மதுவிலக்கு மசோதா கொண்டுவந்தார். மாண்புமிகு உறுப்பினர்கள் தாகத்தோடு கூடி அதைத் தோற்கடித்தார்கள். 1931இல் டண்டியும் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அவருக்கு வாய்க்காதது நம் ராஜாஜிக்கு வாய்த்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். 1925இல் திருச்செங்கோடு பக்கம் ஆசிரமம். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்று ஒரு பத்திரிகை, உதவிக்குக் கல்கி. குடிகாரர்கள் சந்தா கட்டினார்களா என்று கேட்கக்கூடாது.

1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். ஜெயித்தது சேலத்தில் அல்ல, பட்டதாரிகள் ஓட்டுப்போட்ட பல்கலைக்கழகத் தொகுதியில். ஆனாலும் ஊர்ப்பாசம் விடுமா? மற்றவர்கள் சொந்த ஊருக்குப் பாலம் கொண்டுவருவார்கள். இவர் கள்ளுக்கடையை மூடினார். அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டம் முழுக்க மதுவிலக்கு. சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காடும் இந்த மாவட்டம்தான். சட்டம் மலையும் ஏறியது. அங்கே சர்க்கார் அனுமதி கேட்காமல் கொட்டியது கிளியூர் அருவி ஒன்றுதான். வெயில் காலத்தில் அதுவும் வறண்டுவிடும்.

கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. அதுவரை குடித்தவன் தள்ளாடியபடி கட்டிய பணத்தை இனி நிதானமாக இருப்பவன் கட்டவேண்டும். அதே ஆண்டு ராஜாஜி பதவி விலகினார். போர்க்காலத்தில் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. கள்ளுக்கடை திரும்பி வந்தது. விற்பனை வரி மட்டும் போகவில்லை.