மாமனார் வீட்டு மானிட்டருக்கு மஞ்சள் காமாலை

கே: மாமனாரின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-ஐ எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் போட்டுக்கொடுத்தேன். மறுநாளே திரை மஞ்சளாகிவிட்டது. "நல்லா இருந்ததைக் கெடுத்துட்டீங்களே மாப்ளே" என்கிறார்.
- ஒரு மருமகன், மணமேல்குடி

ப: காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்திருக்கிறது. ஆன் செய்ததும், லினக்ஸ் எழுந்து வருமுன் கம்பெனி பெயர் தெரியுமே, அந்தத் திரையும் மஞ்சளா? அப்படியானால் லினக்ஸ் நிரபராதி. விஜிஏ கேபிளில் நீலத்துக்கென்று ஓர் ஊசி உண்டு. அதன் தொடர்பு விட்டால் வெள்ளையெல்லாம் மஞ்சள்தான். சிபியுவை நகர்த்தியபோது கேபிள் ஆடியிருக்கும். அதில் மட்டும் உங்கள் கை இருக்கலாம்!

கே: கேபிளை இறுக்கினேன், நிறம் வந்துவிட்டது. எழுத்துகள் மட்டும் கொழுகொழுவென்று தெரிகின்றன. 1024×768-க்கு மேல் போக மறுக்கிறது.
- அதே மருமகன்

ப: 15 ஊசிகளில் 12-ஆவதும் 15-ஆவதும்தான் 'நான் இன்ன மானிட்டர்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்பவை. அவை ஊமையானால், ஊர் பேர் தெரியாத விருந்தாளியைத் திண்ணையில் உட்காரவைப்பதுபோல் லினக்ஸ் 1024×768-இல் உட்காரவைத்துவிடும். உங்களுடையது கடலோர ஊர். உப்புக்காற்றில் ஊசிகள் களிம்பேறியிருக்கின்றனவா பாருங்கள். வேறொரு கேபிள் போட்டுப் பார்ப்பது உத்தமம்.

கே: மைத்துனர் வீட்டில் என்விடியா கார்டு. லினக்ஸ் போட்டதிலிருந்து திரை ஒரே இருட்டு. அதற்கும் கேபிள்தானா?
- (வேறு யார்?)

ப: இந்த வழக்கில் லினக்ஸுக்காக வாதாட மாட்டேன். 2012-இல் பின்லாந்து மேடையொன்றில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸே பொறுமையிழந்து என்விடியாவுக்கு நடுவிரலைக் காட்டினார். உங்கள் விரலுக்கு வேறு வேலை: லினக்ஸ் எழுமுன் வரும் தொடக்க மெனுவில் ஆங்கில 'இ' எழுத்தை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று ஆரம்பிக்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். வெளிச்சம் வந்ததும் டிரைவர் மேனேஜரில் என்விடியா டிரைவரை நிறுவிவிடுங்கள்.

கே: திரை சரியான பிறகும் மாமனார் பழசையே கேட்கிறாரே?

ப: 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். மசியவில்லையா? உங்கள் ஊரில் பிறந்த அமைச்சர் குலச்சிறை நாயனாரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் அமைச்சராயிருந்த பாண்டிய மன்னனே சமயம் மாறியது, திருஞானசம்பந்தர் அவன் வெப்புநோயைத் தீர்த்த பிறகுதான். நீங்கள் மாற்றத்தை முதலிலும் வைத்தியத்தைப் பின்னாலும் செய்துவிட்டீர்கள். அடுத்த வீட்டிலாவது லினக்ஸ் போடுமுன் கேபிளைப் பாருங்கள்.