பொருத்தம் பார்த்துப் போடுங்கள் காயிலை

வாளையாறு முதல் குமுளி வரை, எல்லையோரத்தில் பழைய பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் வாசகர்கள் இந்த மாதம் கேட்டதில் பாதிக்கு மேல் இக்னிஷன் காயிலைப் பற்றித்தான். ஆகவே இந்த இதழ் முழுக்கக் காயிலுக்கே.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: அப்பாவின் 1972 அம்பாசடருக்குப் பொள்ளாச்சியில் புதுக் காயில் வாங்கிப் போட்டேன். வண்டி முன்னைவிட நன்றாகப் பிடித்தது. ஆனால் மூன்று வாரத்தில் பாயின்ட் கருகிவிட்டது. புதுப் பாயின்ட் போட்டேன், அதுவும் கருகுகிறது. கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட்டா?

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் கரன்டை விட்டு நிறுத்தும் பாயின்ட் இங்கே குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்ட கட்சி. விசாரிக்க வேண்டியது காயிலை. அதன் இரண்டு சின்ன முனைகளிலும் உள்ள ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்து பாருங்கள். 3 ஓம் அளவில் காட்டினால் சரியான காயில். 1.5 ஓம் என்று காட்டினால் உங்கள் பாயின்ட்டுகள் செத்த காரணம் கையில் கிடைத்துவிட்டது.

கணக்கு எளிது. 12 வோல்ட்டை 3 ஓமால் வகுத்தால் 4 ஆம்பியர். பாயின்ட்டின் டங்ஸ்டன் முனை நீண்ட நாள் தாங்குவது ஏறக்குறைய அவ்வளவுதான். 1.5 ஓம் காயிலை நேரடியாகக் கொடுத்தால் 8 ஆம்பியர். எஞ்சின் ஓடி, சார்ஜிங் 14 வோல்ட்டைத் தொடும்போது 9-ஐத் தாண்டும். முதல் மூன்று வாரம் வண்டி நன்றாகப் பிடித்ததும் அந்தக் கூடுதல் கரன்டால்தான்! இரண்டு காயிலும் வெளியில் பார்க்க ஒரே டப்பா, ஒரே போல்ட்டு, ஒரே மூக்கு. மீட்டர் இல்லாமல் வாங்கினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

சித்தூர் வாசகர்: அப்படியானால் 1.5 ஓம் காயிலை எதற்குத்தான் தயாரிக்கிறார்கள்?

நல்ல காரணத்துக்காகத்தான். செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கிற இழுப்பில் பேட்டரி 9, 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். பொறி வலுவாக வேண்டிய நேரத்தில் காயில் பட்டினி கிடக்கும். அதனால் சில வண்டிகளில் குறைந்த ஓம் காயிலைப் போட்டு, அதற்கு முன்னால் ஒரு பல்லாஸ்ட் ரெசிஸ்டரை வைத்தார்கள். செல்ஃப் அடிக்கும்போது கரன்ட் ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேரே காயிலுக்குப் போகும். எஞ்சின் பிடித்ததும் ரெசிஸ்டர் வழியாக வரும்.

இந்த ரெசிஸ்டர் சில வண்டிகளில் வெள்ளைப் பீங்கான் கட்டியாகக் கண்ணில் படும். சிலவற்றில் ஒயரிங்குக்குள்ளேயே தனி ஒயராக ஒளிந்திருக்கும். கண்டுபிடிக்க ஒரு வழி: காயிலில் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனையை ஒரு ஒயரால் பாடியில் எர்த் செய்துவிட்டு, சாவியைப் போட்டு, காயிலுக்குள் வரும் முனையில் வோல்ட்டைப் பாருங்கள். 12-ஐ ஒட்டி இருந்தால் பல்லாஸ்ட் இல்லை, 3 ஓம் காயில் போடுங்கள். 6, 7 என்று காட்டினால் பல்லாஸ்ட் இருக்கிறது, 1.5 ஓம் காயில்தான் வேண்டும். பார்த்ததும் சாவியை எடுத்துவிடுங்கள். பல்லாஸ்ட் உள்ள வண்டியில் 3 ஓம் காயிலைப் போட்டால் பாயின்ட் பிழைக்கும், பொறி சோர்ந்துவிடும். வேகம் எடுத்தாலே மிஸ்ஸிங் அடிக்கும்.

நெடுங்கண்டம் மாணவர்: காயில் என்னதான் செய்கிறது?

உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்றில் தடித்த கம்பி சில நூறு சுற்று, இன்னொன்றில் மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்று. பாயின்ட் மூடியிருக்கும்போது முதல் சுருளில் கரன்ட் ஓடிக் காந்தப்புலம் உருவாகும். பாயின்ட் திறந்ததும் அந்தப் புலம் சரியும். இரண்டாவது சுருளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும். அதை எந்த பிளக்குக்கு அனுப்புவது என்பதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டார் பார்த்துக்கொள்ளும். 1910 வாக்கில் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஏற்பாடு இது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 4,000 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 133 பொறி வேண்டும். ஒவ்வொரு முறையும் காயில் நிரம்பக் கிடைப்பது சுமார் 5 மில்லி நொடி. அந்த நேரத்தைக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதனால்தான் இரண்டையும் ஜோடியாகப் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த நேரத்தை நிர்ணயிக்கும் பாயின்ட் இடைவெளியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், தம்பி. லூகாஸ் 25டி4 வகை டிஸ்ட்ரிபியூட்டருக்கு 14 முதல் 16 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). வில்லிஸ் ஜீப்புக்கு 20 தௌ. ஒன்றின் அளவை மற்றதற்கு வைக்காதீர்கள்.

சூரியநெல்லி வாசகி: கொழுக்குமலை ஏற்றத்தில் ஜீப் திணறுகிறது. பெரிய காயில் போடச் சொல்கிறார்கள். போடலாமா அண்ணா?

முதலில் எந்த பங்க்கில் என்ன ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். டீசல் என்றால் காயிலே கிடையாது. போடச் சொன்னவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பழைய பெட்ரோல் ஜீப்பாக இருந்தாலும் காயில் உதவாது. மூணாறு உயரத்தில், அதாவது சுமார் 1,500 மீட்டரில், காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட 15 சதவீதம் போலக் குறைவு. எஞ்சினின் இழுவையும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். அழுத்தம் குறைந்த காற்றில் பொறி இன்னும் சுலபமாகத் தாவும், ஆகவே காயிலுக்கு அங்கே வேலை குறைவுதான். கார்புரேட்டரையும் டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா.

போடிமெட்டு வாசகர்: மூடுபனிக் காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. புதுக் காயில் போட்டும் அதே கதை.

இருட்டில் பானட்டைத் திறந்துவைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மேல் நீலப் பொறி ஊர்ந்தால் கேப்பில் விரிசல். கழற்றிப் பார்த்தால் உட்பக்கம் பென்சிலால் கிழித்தது போல ஒரு கருங்கோடு தெரியும். ஈரம் படிந்ததும் கரன்ட் அந்தக் கோட்டிலேயே ஓடிவிடும். துடைத்தால் அன்றைக்கு ஓடும். தீர்வு புதுக் கேப்தான். காயிலின் வோல்டேஜ் கூடினால் கசிவும் கூடும்.

வாளையாறு வாசகர்: காயிலைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு!

பாலக்காட்டுக் கோடையே 40 டிகிரியைத் தாண்டுகிறது. காயில் கொஞ்சம் சுடும்தான். ஆனால் கையே வைக்க முடியாவிட்டால் ஓமை அளந்துவிடுங்கள், ஆறிய பிறகு. சூட்டில் செம்பின் ஓம் ஏறிவிடும்: 20 டிகிரியில் 3 காட்டுவது 80 டிகிரியில் 3.7 காட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்க சாவியை ஆனில் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துகொண்டே இருக்கும்.

கட்டப்பனை வாசகர்: பழைய காயிலில் எஸ்டபிள்யூ, சிபி என்று இருந்தது. புதியதில் பிளஸ், மைனஸ். எதை எதில் கொடுப்பது?

எஸ்டபிள்யூ சாவிப் பக்கம், சிபி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம். புதியதுக்கு, பேட்டரியின் எந்த முனை பாடியில் போல்ட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மைனஸ் என்றால் காயிலின் பிளஸ் சாவிக்கும் மைனஸ் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் போக வேண்டும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பிளஸ்தான் எர்த், அவற்றில் தலைகீழ். மாற்றிக் கொடுத்தாலும் எஞ்சின் ஓடும் என்பதுதான் ஆபத்து. பொறிக்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்பட்டு, லோடோடு மேட்டில் ஏறும்போது மிஸ் ஆகும்.

குமுளி வாசகர்: கடையில் எதைச் சொல்லிக் கேட்பது?

வண்டிப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். ஐம்பது வருட வண்டியில் யார் எந்த டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினார்கள் என்று தெரியாது. லூகாஸ் வகை டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பில் எண் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், இத்தனை ஓம், பல்லாஸ்ட் உண்டு அல்லது இல்லை, இவ்வளவும் ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்தே காசு கொடுங்கள். அம்பாசடர் தயாரிப்பு 2014-இலேயே நின்றுவிட்டது. இருக்கிற பழைய உதிரிகளை இனித் தவறான காயில் போட்டுக் கருக்க வேண்டாம்.

மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள்: காயில் மாற்றியதும் அதன் டப்பாவில் பெயின்ட்டால் ஓம் அளவை எழுதிவிடுங்கள். அடுத்து அந்த பானட்டைத் திறப்பவருக்கு அது போதும்.