குத்தும் குடவோலையும்: காவாந்தண்டலத்தில் ஹெச்.டி. குத்துச்சண்டை குறித்த முன்னோட்ட ஆய்வு

உத்திரமேரூர் வட்டாரத்தைப் பற்றி எழுதப் புகும் ஆய்வாளர் யாராயினும் கல்வெட்டில் தொடங்குவது மரபு. இக்கட்டுரை அந்த மரபை மீறி மஞ்சள் வயரில் தொடங்குகிறது. கல்வெட்டு எங்கும் ஓடிவிடாது, பிறகு வரும்.

செட்டாப் பாக்ஸின் முதுகில் மூன்று வட்டத் துளைகள் உண்டு. மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. பக்கத்திலேயே தட்டையான வாய் ஒன்று. அதன் பெயர் ஹெச்.டி.எம்.ஐ. இந்த வட்டாரத்துக் காவாந்தண்டலம் போன்ற ஊரில் ஒரு வீட்டின் குத்துச்சண்டை அனுபவத்தைத் தீர்மானிப்பது குத்துகிறவரோ குத்து வாங்குகிறவரோ அல்ல, இந்த வாய்களில் எதில் வயர் செருகப்பட்டிருக்கிறது என்பதே. இதுவே ஆய்வின் கருதுகோள். கூடத்தில் பெரிய எல்.இ.டி. டிவி இருக்கும். ஹெச்.டி. பெட்டி இருக்கும். ஹெச்.டி. சேனலுக்குத் தனியாகப் பணமும் போயிருக்கும். நடுவில் மட்டும், பழைய டிவியிலிருந்து கழற்றி, தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்த மஞ்சள் வயர்.

கணக்கு எளிது. ஹெச்.டி. படம் என்பது 1920க்கு 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். மஞ்சள் வயர் வழியே வருவது அதிகம் போனால் 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். வகுத்துப் பார்த்தால் பிசிறில்லாமல் ஐந்து மடங்கு. ஐந்தில் நான்கு பங்கு வாசலிலேயே செருப்போடு நின்றுவிடுகிறது. ஒரு பங்குதான் கூடத்துக்குள் வருகிறது. அதையும் 43 அங்குலத்துக்கு இழுத்துப் பரப்பி, "என்ன இருந்தாலும் ஹெச்.டி. ஹெச்.டி.தான்" என்று குடும்பம் திருப்தி அடைகிறது.

வாசலில் நிற்கும் அந்த நான்கு பங்கில் என்னதான் இருக்கிறது? ஒரு நிமிட இடைவேளையில் மூலையில் நடக்கும் வைத்தியம் முழுக்க அதில்தான். புருவத்துக்கு மேல் வெடித்த தோலைக் கவனிக்க ஒருவர் தனியாக நிற்பார். பஞ்சுக் குச்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அட்ரினலின் தோய்த்து அழுத்துவார். ஐஸில் கிடந்த சிறு இரும்புக் கட்டியை வீக்கத்தின் மேல் வைத்து, துணிக்கு இஸ்திரி போடுவது மாதிரி ஒத்துவார். மேலே வாசலின் பூசுவார். மஞ்சள் வயரில் இதெல்லாம் ஒருவர் இன்னொருவர் முகத்தைத் துடைத்துவிடுவதாகத்தான் தெரியும். கிராமத்துக் கண் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இல்லாத ஆய்வு நிறைவு பெறாது. தண்டலம் என்று முடியும் ஊர்கள் காஞ்சிபுரம், சென்னைப் பக்கம் பல உண்டு. தண்டல் என்றால் வசூல். தினமும் வந்து வாங்கிப்போகும் வட்டிக்கும் இந்தப் பக்கத்தில் அதுவே பெயர். ஆகவே கேபிள் வசூல் இவ்வூரின் பெயரிலேயே பொதிந்திருக்கிறது என்று ஒரு கட்சி வாதிடலாம். தண்டால் எடுத்த மல்லர்கள் வாழ்ந்ததால் தண்டலம் என்று எதிர்க்கட்சி வாதிடலாம். இரண்டுக்கும் ஆதாரம் சுத்தமாகக் கிடையாது; ஒலி ஒற்றுமை மட்டும் இருக்கிறது. இதைவிடக் குறைந்த மூலதனத்தில் ஊர் வரலாறு எழுதியவர்கள் உண்டு.

வரலாற்றுக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃபிரேசியரும் மூன்றாம் முறை மோதினார்கள். அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. அந்தச் சண்டையைச் செயற்கைக்கோள் வழியே இறக்கி வீடுகளுக்குக் கொடுத்தது. கேபிள் டிவி வரலாற்றில் அது ஒரு திருப்பம். அமெரிக்கர்களின் இரவு நேரத்துக்குத் தோதாக, மணிலாக்காரர்கள் இருவரையும் காலை பதினொரு மணிக்கு முன்பே வளையத்துக்குள் இறக்கிவிட்டார்கள். அன்று முதல் இன்று வரை, பெரிய குத்துச்சண்டை என்பது கிழக்கே இருப்பவர்களுக்குக் காலைப் பலகாரத்தோடு வருவது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நாக்-அவுட்.

இரண்டு தேதிகளுக்கும் இடையில் 47 நாட்கள். இன்றைய ஆண்கள் உலகப் பட்டப் போட்டிக்கு 12 சுற்று. சுற்றுக்கு மூன்று நிமிடம், நடுவே ஒவ்வொரு நிமிடமாக 11 இடைவேளை. கூட்டினால் 36ம் 11ம் 47. நாட்களும் 47, நிமிடங்களும் 47! இதை வைத்து ஒரு முனைவர் பட்டம் வாங்கிவிடலாம். அலி காலத்தில் 15 சுற்று, 59 நிமிடம் என்பதை மட்டும் தேர்வாளர் கேட்காமல் இருக்க வேண்டும். 12 ஆகக் குறைந்த கதையில் வேடிக்கை இல்லை. 1982 நவம்பரில் ரே மான்சினியோடு மோதி 14ஆவது சுற்றில் விழுந்த தென்கொரிய வீரர் டக் கூ கிம் சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகே சுற்றுகள் வெட்டப்பட்டன. 47 நிமிடம் என்பது விளம்பரங்களோடு ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிற அளவு என்பது தொலைக்காட்சிக்காரர்களுக்குக் கிடைத்த உபரி லாபம்.

எண்பதுகளில் வீடியோ டெக் வந்தது. அதைப் பெரும்பாலும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். அதில் குத்துச்சண்டை பதிவு செய்யும் ஆடம்பரம் யாருக்கும் இல்லை. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலத் திரையைக் குடிசைக்குள்ளும் கொண்டுவந்தது. கலைஞர் கொடுத்த டிவி என்று இன்றும் பரண்மேல் அதைக் காட்டுகிறவர்கள் உண்டு. நமது மஞ்சள் வயரின் பூர்விகம் பெரும்பாலும் அதுதான். 2010 அக்டோபரில் டெல்லி காமன்வெல்த் போட்டிகளுக்காக தூர்தர்ஷன் ஹெச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியது. சுரஞ்சய் சிங், மனோஜ் குமார், பரம்ஜீத் சமோட்டா மூவரும் அந்தப் போட்டிகளில் தங்கம் குத்தினார்கள். தூர்தர்ஷனின் முதல் ஹெச்.டி. குத்துகள் அவை. 14 அங்குலத்தில் அவை சாதாரணக் குத்துகளாகவே வந்து விழுந்தன. அடுத்த ஆண்டு அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது.

இந்த 70 ரூபாயை வைத்து ஓர் ஒப்பீடு. 2015 மே 2 அன்று லாஸ் வேகாஸில் ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவோவும் மோதியதை வீட்டில் பார்க்க அமெரிக்கர்கள் 89.95 டாலர் கட்டினார்கள். ஹெச்.டி.யில் என்றால் மேற்கொண்டு 10 டாலர். தெளிவுக்கென்று தனி விலை உலகில் இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறதா தெரியவில்லை. அந்தப் பத்து டாலர் அன்றைய கணக்கில் அறுநூறு ரூபாய்க்கு மேல். அரசு கேபிளுக்கு எட்டு மாதத்துக்கும் அதிகமான கட்டணம். அவ்வளவு கொடுத்தும் கடைசி நேரக் கூட்டத்தில் கேபிள், டிஷ் நிறுவனங்கள் திணறி, சண்டையே தாமதமாகத்தான் தொடங்கியது. லாஸ் வேகாஸிலும் கேபிள்கார அண்ணன் போனை எடுக்கவில்லை என்பது ஊருக்கு ஆறுதலான செய்தி. இங்கே அது மே 3, ஞாயிறு காலை. கறிக்கடை வரிசையில் நிற்க வேண்டிய நேரம்.

ஆகவே பதிவு செய்தாக வேண்டும். இனி வருவது தொழில்நுட்பப் பகுதி. அவசரமிருப்பவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். பதிவு வசதியுள்ள பெட்டிகளின் பின்புறம் பென் டிரைவ் செருக இடம் இருக்கும். பல பென் டிரைவ்களில் கோப்புகளை அடுக்கும் முறைக்கு ஃபேட்-32 என்று பெயர். ஒரே கோப்பு நான்கு ஜி.பி.க்கு மேல் போக அது விடாது. கணக்காகச் சொன்னால் 429,49,67,295 பைட். ஹெச்.டி. படம் நொடிக்கு எட்டு மெகாபிட் வீதம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்குப் பத்து லட்சம் பைட். கோப்பு 71 நிமிடத்தைத் தாண்டியதும் நிரம்பிவிடும். சில பெட்டிகள் அடுத்த கோப்பைத் தாமே திறந்துகொள்ளும். சில கோபித்துக்கொண்டு நின்றுவிடும். 47 நிமிடச் சண்டைக்கு 71 நிமிடம் தாராளமாகப் போதும்தான். ஆனால் பெரிய சண்டைக்கு முன் குட்டிச் சண்டைகள் மணிக்கணக்கில் நடக்கும். ஏழரைக்கு நிகழ்ச்சி என்று போட்டிருப்பதை நம்பிப் பொத்தானை அழுத்திவிட்டுக் கறி வாங்கப் போனவர் திரும்பி வந்து பார்ப்பது, முன்பின் கேள்விப்படாத இருவர் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நிற்பதைத்தான். அசல் சண்டை தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கோப்பு மூடிவிட்டது.

தப்பிப் பிழைத்த பதிவையும் முழுதாக நம்பக் கூடாது. நம் சேனல்கள் அனுப்பும் ஹெச்.டி. நொடிக்கு 50 அரைப் படங்கள்: ஒற்றைப்படை வரிகள் ஒரு தரம், இரட்டைப்படை வரிகள் ஒரு தரம். நொடிக்கு எட்டு மீட்டர் வேகத்தில் போகும் குத்து, இரண்டு அரைப் படங்களுக்கு நடுவே 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஏறத்தாழ முக்கால் சாண். சரியாக அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் ஒரு கையில் இரண்டு கிளவுஸ், விளிம்பெல்லாம் சீப்புப் பல் போல. குத்து பட்டதா படவில்லையா என்று தீர்ப்பு சொல்லத்தான் பதிவு செய்தார். பட்டது, படவில்லை இரண்டும் ஒரே படத்தில் உறைந்து நிற்கின்றன.

பதிவின் தேவை மெய்யாகவே உணரப்பட்ட வாரம் ஒன்று உண்டு. 2021 ஜூலை 22 அன்று பா. ரஞ்சித்தின் குத்துச்சண்டைப் படம் 'சார்பட்டா பரம்பரை' தியேட்டருக்குப் போகாமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. தமிழ் வீடுகளில் கூடிப் பார்க்கப்பட்ட மிகப்பெரிய குத்துச்சண்டை அதுதான் என்றால் மறுப்பார் இருக்க மாட்டார்கள். செல்போனில் பார்த்தவர்களும் அதற்குள் அடக்கம். தெருவில் பொடியன்கள் அந்தப் படத்து டான்சிங் ரோஸ் மாதிரி கால் போட்டுக்கொண்டிருந்தபோதே, சரியாக ஒரு வாரத்தில், ஜூலை 29 பிற்பகல், டோக்கியோ ஒலிம்பிக்கில் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் தோற்றார். மூன்று சுற்றில் இரண்டை வென்றும் தோல்வி. தான் ஜெயித்துவிட்டதாகவே அவர் நினைத்திருந்தார்.

"அந்தப் புள்ள ரெண்டு ஆட்டம் கெலிச்சிச்சே, அப்புறம் எப்படிரா தோத்துச்சி?" என்று எந்த ஆயாவும் கேட்டிருப்பார். பேரன் சொல்ல வேண்டிய பதில் இது: "ஆயா, ஜட்ஜு அஞ்சு பேரு. மொத ஆட்டத்துல நாலு பேரு அந்தப் பொண்ணுக்குப் போட்டுட்டாங்க. அடுத்த ரெண்டுலயும் மூணு பேரு நம்ம ஆளுக்குத்தான் போட்டாங்க. ஆனா ஆட்டத்த எண்ண மாட்டாங்க. ஜட்ஜு ஒவ்வொருத்தரும் அவங்க அவங்க மார்க்க கூட்டுவாங்க. அப்படிக் கூட்டுனா மூணு பேரு அந்தப் பக்கம், ரெண்டு பேரு இந்தப் பக்கம்." ஆயாவுக்கு இது பிடிபடாது. பஞ்சாயத்துத் தேர்தல் பார்த்தவர் அவர். வார்டு வார்டாக ஜெயித்துவிட்டு மொத்தத்தில் தோற்கிற கணக்கில் யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள் என்றுதான் அவர் முடிவு செய்வார்.

ஆயாவின் சந்தேகத்துக்கு உலகத்தில் முன்னுதாரணம் உண்டு. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதியில் ராய் ஜோன்ஸ் 86 குத்து இறக்கினார், பார்க் சி-ஹுன் 32 இறக்கினார் என்று ஒளிபரப்பாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். தங்கம் பார்க்குக்குப் போனது. அது பழைய, மங்கலான டிவிக் காலம். அந்த மங்கலில் வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம், வளையத்தை ஒட்டி உட்கார்ந்த நடுவர்களில் மூவருக்குத் தெரியவில்லை. தெளிவுக்கும் தீர்ப்புக்கும் உறவு உண்டு என்று நம்பி மாதாமாதம் கூடுதலாகப் பணம் கட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டு மாடி டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையின் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம். கனமழை அதை நன்றாக விழுங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சண்டை வைத்தால் ஏழாம் சுற்றுக்கு மேல் வீரர்கள் கட்டம் கட்டமாகச் சிதறி, கடைசியில் நீலத் திரையில் ஐக்கியமாகிவிடுவார்கள். நெட்டில் பார்க்கலாமே என்பார் சிலர். 2024 நவம்பரில் மைக் டைசன் தம் 58ஆவது வயதில் ஜேக் பாலோடு மோதியதை நெட்ஃபிளிக்ஸ் காட்டியது. ஆறு கோடி வீடுகள் பார்த்ததாக அந்த நிறுவனமே சொன்னது. அதில் ஏராளமானோர் பார்த்தது சுற்றிக்கொண்டே இருந்த வட்டத்தை. சுற்று என்ற சொல்லுக்கு அன்று கிடைத்த புதுப்பொருளை அகராதிக்காரர்கள் கவனிக்கவில்லை.

இப்போது கல்வெட்டு. வயர் சரி, மழை இல்லை, கரண்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரிமோட் யார் கையில்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும், உத்திரமேரூர் சபையார் இதற்கு ஏறக்குறைய விடை எழுதிவைத்திருக்கிறார்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். உறுப்பினராக வயது 35க்கு மேல், 70க்குள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் பதவியில் இருந்தவருக்கு இடமில்லை. இருந்து கணக்குக் காட்டாதவருக்கு எப்போதுமே இல்லை; அவருடைய உறவினருக்கும் இல்லை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, உள்ளே இருப்பது தெரியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓலையை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். மூடிய கையில் முடிவெடுக்கும் விளையாட்டைப் பார்க்க விரித்த கையின் தயவு வேண்டியிருக்கிறது.

ரிமோட் வாரியத்துக்கு இவ்விதிகளை அப்படியே பொருத்திப் பார்த்ததில் விளைவு கடுமையாக இருந்தது. வயதுத் தகுதியில் பிள்ளைகள் கழிந்தார்கள், எழுபதைக் கடந்த ஆயாவும் கழிந்தார். மூன்றாண்டு விதியில், ஒன்பது மணி சீரியலுக்காக ரிமோட்டைத் தொடர்ந்து வைத்திருந்த குடும்பத் தலைவி கழிந்தார். மிஞ்சிய குடும்பத் தலைவரோ, போன மாதம் ஹெச்.டி. சேனலுக்கு எவ்வளவு கட்டினார் என்ற கணக்கை இன்றுவரை வீட்டில் காட்டவில்லை. அவர் கழிந்ததோடு அவருடைய உறவினர் என்ற வகையில் வீடே கழிந்தது.

வேறு வழியின்றி விதிகளைத் தளர்த்தி, எல்லாச் சேனல் பெயரையும் எழுதி, சில்வர் குடத்தில் போட்டுக் குலுக்கலாம் என்றால் சிக்கல் சிறுவனிடம். குடத்துக்குள் இருப்பதை அறியாத சிறுவன் என்று கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது. இந்த வீட்டில் சீட்டுகளை மடித்துப் போட்டவனே அவன்தான். கார்ட்டூன் சேனலின் பெயரெழுதிய சீட்டு மட்டும் நான்காக மடிக்கப்பட்டிருக்கிறது.