டேபிள்களுக்குள் சம்பந்தம் பேசுவது எப்படி?

புடவைக்கடைக்கு ஜாங்கோவில் வெப்சைட் கட்டுகிறீர்கள். வாடிக்கையாளர், வகை, புடவை, ஆர்டர் என்று மாடல்கள் தயார். இனி இணைக்க வேண்டியதுதான். முதலில் தாளில் படம் போட்டுப் பார்க்கும் கெட்ட பழக்கம் உங்களுக்கு இல்லை, தெரியும். நேரே கீபோர்டுக்கு வாருங்கள்.

1. ஓர் ஆர்டரில் பல புடவைகள். ஒரே புடவை பல ஆர்டர்களில். இதற்கு நடுவில் தனி டேபிள் வேண்டுமாம். எதற்கு? ஆர்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டு வைத்து "3,17,42" என்று கமா போட்டு அடுக்குங்கள். 7-ஆம் எண் புடவையைத் தேடினால் 17, 70, 172 எல்லாம் வந்து நிற்கும். தாராளமான தேடல்!

2. டீம் லீடர் மிரட்டி நடு டேபிள் வைக்கச் சொல்லிவிட்டாரா? கவலை வேண்டாம். அதில் விற்ற விலையை மட்டும் பதியாதீர்கள். அதுதான் புடவை டேபிளில் இருக்கிறதே. தீபாவளிக்கு 4,000 ரூபாய்க்கு விற்ற புடவை ஆடித் தள்ளுபடியில் 2,500 ஆனதும் பழைய பில்லும் 2,500 ஆகிவிடும். மீதியைக் கேட்டு வருபவர்களைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார்.

3. ஜாங்கோ 2.0 வந்த 2017 முதல் ஃபாரின் கீ எழுதும்போது 'ஆன் டெலீட்' கட்டாயம். நம்மை யோசிக்கவைக்கும் சதி. எல்லா இடத்திலும் 'கேஸ்கேட்' என்று ஒட்டிவிடுங்கள். ஆடி முடிந்ததும் கடைக்காரர் 'ஆடித் தள்ளுபடி' வகையை அழிப்பார். வகையோடு புடவைகள் போகும், புடவைகளோடு ஆர்டர் வரிகள் போகும். ஆர்டர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அழியப்போவதையெல்லாம் அட்மின் பக்கம் பட்டியல் போட்டுக் காட்டித்தான் அனுமதி கேட்கும். அவ்வளவு நீளமான பட்டியலை யார் படிக்கிறார்கள்? 'ப்ரொடெக்ட்' போட்டிருந்தால் அழிக்கவே விடாது, கடைக்காரர் கோபித்துக்கொள்வார். ஜிஎஸ்டி கணக்குக்கு வரும் ஆடிட்டர் கோபித்தால் உங்களுக்கென்ன?

4. இன்டெக்ரிட்டி எரர் தொல்லை தருகிறதா? கன்ஸ்ட்ரெயின்டை அணைத்துவிட்டு 'டூ நத்திங்' போடுங்கள். அழித்த வாடிக்கையாளரின் ஆர்டர்கள் அப்படியே கிடக்கும். ஆர்டர் பக்கம் 500 எரர் காட்டினால் ரீஃப்ரெஷ் செய்யச் சொல்லுங்கள்.

5. ரிவர்ஸ் பெயர்கள் மோதினால் 'ரிலேட்டட் நேம்' இடத்தில் கூட்டல் குறி. மோதலும் போச்சு, வந்த வழியும் போச்சு.

6. பட்டியல் பக்கத்தில் 100 ஆர்டர்களைச் சுற்றி, ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் பெயரைக் கேளுங்கள். மொத்தம் 101 க்வெரி. 'செலக்ட் ரிலேட்டட்' சேர்த்தால் ஒரே க்வெரியில் முடிந்துவிடும். அப்புறம் பெரிய சர்வர் எப்படிக் கேட்பது? உங்கள் லேப்டாப்பில் மூன்றே ஆர்டர்கள், பக்கம் பறக்கிறது. அதையே டெமோவில் காட்டுங்கள்.

7. நோட்டீஸ் பீரியடில் ஹேண்டோவர் டாகுமென்ட் கேட்பார்கள். "மாடல்ஸ் ஃபைலைப் பார்த்தாலே புரியும்" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.