நீருக்கடியில் எத்தனை வோல்ட்?

கேள்வி: சொந்தமாக ஒரு நீர்மூழ்கி கட்டப்போகிறேன். பேட்டரி 12 வோல்ட்டா, 24-ஆ, 36-ஆ? முதலில் எதை முடிவு செய்வது?

பதில்: மோட்டாரை. வோல்ட் அதன் பின்னாலேயே வந்துவிடும். அமெரிக்காவில் ஜார்ஜ் கிட்ரெட்ஜ் வரைந்த கே-250, கே-350 போன்ற சிறு நீர்மூழ்கிகளை வீட்டில் கட்டுகிறவர்கள் பலரும், ஏரியில் தூண்டில் படகுக்குப் போடும் மின்மோட்டாரைத்தான் மாட்டுகிறார்கள். அது பெரும்பாலும் இந்த மூன்று வோல்ட்டில்தான் விற்கிறது. சார்ஜரும் உதிரி பாகமும் அதற்கே சுலபமாகக் கிடைக்கும்.

கேள்வி: என் வீட்டு இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் ஓடுகிறதே, அது போதாதா?

பதில்: இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே இரண்டு முழ ஒயர். சுவரைத் துளைக்கும் வேலையும் இல்லை. இங்கே கதை வேறு. 1,200 வாட் மோட்டாருக்கு 12 வோல்ட்டில் 100 ஆம்பியர் ஓட வேண்டும். 24-ல் 50, 36-ல் 33. அதே ஒயரில் ஆம்பியர் பாதியானால் சூடாகி வீணாவது கால்வாசியாகக் குறையும். அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஒயர் இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிறது. 100 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் தண்ணீர் சுமார் 10 கிலோ விசையோடு அழுத்தும். ஒயர் மெலிந்தால் துளையும் சிறுக்கும். வோல்ட்டை ஏற்றுங்கள் என்று நான் சொல்வது முக்கியமாக இந்தத் துளைக்காகத்தான்.

கேள்வி: வோல்ட் கூடினால் கூடுதல் நேரம் ஓடுமா?

பதில்: ஓடாது. 6 வோல்ட், 220 ஆம்பியர்-அவர் கோல்ஃப் வண்டி பேட்டரி நான்கை வரிசையாகக் கோத்தால் 24 வோல்ட், 220. இரண்டிரண்டாகக் கோத்தால் 12 வோல்ட், 440. எப்படிப் பெருக்கினாலும் 5,280 வாட்-அவர்தான். நேரம் வேண்டுமா, ஈய பேட்டரியைக் கூட்டுங்கள்.

கேள்வி: ஈயம் கனமாயிற்றே, லித்தியம் வைத்தால்?

பதில்: குறைந்த எடைக்கு ஈடாக ஈயக் கட்டி வாங்கி அடியில் கட்டுவீர்கள். மூழ்குவதற்கு எடை வேண்டும். அது அடியில் இருந்தால் கவிழாமலும் காக்கும்.

கேள்வி: அப்படியானால் 120 வோல்ட் வரை போய்விடலாமே?

பதில்: உப்புத் தண்ணீரில் நனைந்த கையோடு இரும்புக் கூட்டுக்குள் உட்காரப்போவது நீங்கள். அங்கே 120 வோல்ட் உயிரைக் குடிக்கும். இன்னொன்று, நம் வீட்டு ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சில் எழும் பொறி தானே அணையும். டி.சி.க்கு அந்த இடைவெளி கிடையாது. வோல்ட் ஏற ஏறப் பொறி நீளும். 24-க்கே டி.சி.க்கென்று செய்த ஃபியூஸ், சுவிட்ச்தான் போட வேண்டும்.

கேள்வி: 24 வோல்ட் வரிசையின் நடுவில் ஒரு ஒயர் எடுத்து 12 வோல்ட் விளக்கு எரிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பாதி பேட்டரி முன்னதாகக் காலியாகும். சார்ஜ் போட்டால் அந்தப் பாதி அரைகுறையாக நிற்க, மறுபாதி கொதிக்கும். விளக்குக்கு ஒரு கன்வெர்ட்டர் போடுங்கள். மூச்சுக் காற்றைச் சுத்தம் செய்யும் விசிறிக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி கட்டாயம். மோட்டார் நின்றால் மேலே வர வழி தேடலாம், விசிறி நின்றால் தேடும் நேரமே குறைந்துகொண்டு போகும்.

கேள்வி: சரி, ஒரே எண் சொல்லுங்கள்.

பதில்: ஒருவர் போகும் சிறிய நீர்மூழ்கிக்கு 24. இருவர் போவதாக இருந்தாலும் நீரோட்டம் உள்ள இடமானாலும் 36. எதுவானாலும் பிளஸ், மைனஸ் இரண்டையும் இரும்பு உடலில் தொடவிடாதீர்கள். கசியும் மின்சாரம் இரும்பை அரித்துவிடும். ஈய பேட்டரிக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வரும், ஆகவே அதை ஆள் உட்காரும் அறைக்கு வெளியே தனிப் பெட்டியில் அடையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் கிளம்பும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். சார்ஜ் முடிந்ததும் பெட்டியில் காற்றை ஓடவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே மூடியை இறுக்குங்கள்.