வெங்காயம் வழியே குலம் புகுதல்: வெஸ்டெரோஸ் தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

உயர்குடியில் வெளியாள் நுழைவது எப்படி என்ற கேள்விக்கு வீரம், திருமணம், பொன் என்று மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. மூன்றும் பிழை. சரியான விடை வெங்காயம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுப் பரப்பு, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையில் வரும் வெஸ்டெரோஸ். முதல் நூல் வெளியானது 1996-இல். தொலைக்காட்சித் தொடரை மட்டும் பார்த்தவர்களின் ஆட்சேபங்கள் ஏற்கப்படா.

முதன்மைத் தரவு டாவோஸ். தலைநகரில் ஃப்ளீ பாட்டம் என்னும் சேரிச் சந்துகளில் பிறந்த கடத்தல்காரர். ஸ்டார்ம்ஸ் எண்ட் கோட்டை ஏறத்தாழ ஓராண்டு முற்றுகையில் கிடந்தது. உள்ளே குதிரை தீர்ந்து, பூனை தீர்ந்து, எலிக்கு வந்துவிட்டார்கள். கடலை ரெட்வைன் கப்பற்படை அடைத்து நின்றது. ஒரு கும்மிருட்டில் கருப்புப் பாய் கட்டிய கப்பலில் வெங்காயமும் கருவாடும் கொண்டுவந்து சேர்த்தார் டாவோஸ். கோட்டையைக் காத்துநின்ற ஸ்டானிஸ் பராத்தியன் அவருக்கு ‘சர்’ பட்டமும் நிலமும் கொடுத்தார். பழைய கடத்தல் கணக்குக்காக இடது கையில் நான்கு விரல்களின் நுனிக் கணுவை எடுக்கவும் உத்தரவிட்டார். வேறு ஆள் வேண்டாம், நீங்களே வெட்டுங்கள் என்பது மட்டும்தான் டாவோஸ் வைத்த நிபந்தனை. ஸ்டானிஸ் கசாப்புக் கத்தியை எடுத்தார். வெட்டிய எலும்புகளைச் சுருக்குப்பையில் போட்டு டாவோஸ் கழுத்தில் மாட்டிக்கொண்டார். நம்மூர் வரவேற்பில் சந்தனம், கல்கண்டோடு விட்டுவிடுகிறார்கள்.

புதுக் குலத்துக்கு சீவர்த் என்று பெயர். கொடியில் கருப்புக் கப்பல், அதன் பாயில் ஒரு வெங்காயம். இங்கேதான் இதுவரை எவரும் கண்டுகொள்ளாத ஆய்வுச் சிக்கல் எழுகிறது: கருவாடு எங்கே? பசியாற்றியதில் அதற்கும் பங்குண்டு. ஆயினும் அவரை ‘வெங்காய வீரர்’ என்றார்களே ஒழிய, ‘கருவாட்டு வீரர்’ என்று ஒருவரும் அழைக்கவில்லை. நாற்றம்தான் காரணம் என்பார்கள். வெங்காயம் மட்டும் மணக்கிறதா? உண்மைக் காரணம் வேறு. டல்லி குலத்தின் கொடியில் ஏற்கெனவே வெள்ளி மீன் துள்ளிக்கொண்டிருக்கிறது. மீன் பெரிய இடத்துச் சொத்து. வெளியாளுக்கு மிஞ்சுவது வேறெவரும் சீந்தாத பண்டம்.

அது சின்ன வெங்காயமா, பெல்லாரியா? மூலநூல் மௌனம் சாதிக்கிறது. அவ்வளவு உயரக் கொடியில் தெரிய வேண்டுமானால் பெல்லாரிதான் என்பது ஒரு கட்சி. பட்டறை போட்டால் மாதக்கணக்கில் தாங்குவது சின்ன வெங்காயம், முற்றுகைக்கு அதுவே உகந்தது என்பது மறு கட்சி. நான் இரண்டாவது கட்சி. கருவாட்டுக் குழம்புக்குப் பெல்லாரி போடுகிறவர்களோடு எனக்கு வாதமில்லை.

துணைத் தரவு கிளிகேன் குலம். லானிஸ்டர் பிரபு டைட்டோஸை ஒரு பெண்சிங்கம் தாக்கியது. லானிஸ்டர்களின் கொடிச் சின்னமே சிங்கம் என்பதால் இதைக் குடும்பத் தகராறாகவும் கொள்ளலாம். காப்பாற்றியவர் நாய்க்கொட்டில் காவலர். தம் காலையும் மூன்று நாய்களையும் பறிகொடுத்தார். மஞ்சள் கொடியில் அந்த மூன்று நாய்கள் ஏறின. பேரன் சாண்டரை ஊரே ‘வேட்டைநாய்’ என்கிறது. நுழைந்த வாசலை அங்கே யாரும் மறக்க விடுவதில்லை. லிட்டில்ஃபிங்கர் என்னும் பிரபு மட்டும் தந்திரக்காரர். கொள்ளுத்தாத்தா பிராவோஸிலிருந்து வந்த கூலிப்படை வீரர் என்பதைக் காட்டும் குலச் சின்னமான டைட்டன் சிலையின் தலையைக் கழற்றிவிட்டு, ஒரு பறவையைச் சின்னமாக்கிக்கொண்டார். இத்தரவு கருதுகோளுக்கு இடைஞ்சலாக இருப்பதால் ஆய்வு மரபுப்படி ஒதுக்கப்படுகிறது.

டாவோஸ் பிளாக்வாட்டர் போரில் நான்கு மகன்களையும் அந்தச் சுருக்குப்பையையும் இழந்தார். பிறகு, அதற்குள் தம்மை அரசராக அறிவித்துக்கொண்டிருந்த ஸ்டானிஸ் அவருக்குக் கொடுத்த தலைமை அமைச்சர் பதவியின் பெயர் ‘அரசரின் கை’. விரல் குறைந்த கை. எழுத்தும் தெரியாத கை. அந்த வயதில் கோட்டை அறிஞரான மேஸ்டர் பைலோஸிடம் எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தார். பயிற்சிக்கென்று கொடுத்த பழைய கடிதங்களில், வடக்கே பெருஞ்சுவரைக் காக்கும் படையினர் உதவி கேட்டு எழுதிய ஒன்று இருந்தது. பிறவிப் பிரபுக்கள் சட்டை செய்யாத அந்தக் கடிதத்தை வெங்காய வீரர்தான் அரசரிடம் கொண்டுபோனார்.