கடை விட்டு ஆஸ்பத்திரி புகுந்த படலம்

எடிசன், நியூ ஜெர்ஸி

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

  

மருந்துக்கடையில் இருந்த நிரந்தர உத்தியோகத்தை உதறிவிட்டு நான் ஓர் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பகுதிநேர வேலைக்குப் போவதைக் கேள்விப்பட்டு, "இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்று தாங்கள் சித்தியிடம் விசாரித்ததாக அறிந்தேன். கும்பகோணத்தில் வெகுகாலமாக மெடிக்கல் ஷாப் நடத்தும் தங்களுக்கு இந்தச் சந்தேகம் எழுவது நியாயமே. தாங்கள் அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தால் வியாபாரம் முடிந்தது. இங்கோ டப்பாவில் உதிரியாக வரும் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, ஆரஞ்சு நிறக் குப்பியில் அடைத்து, 1970ஆம் வருஷத்துச் சட்டப் பிரகாரம் குழந்தைகளால் திறக்க இயலாத மூடியைப் போட்டுத் தரவேண்டும். கிழவர்களாலும் அதைத் திறக்க இயலாது. கேட்டால் சாதாரண மூடி போட்டுக் கொடுக்கலாம் என்று அதே சட்டம் தயை காட்டுகிறது. ஆனால் அதைக் கேட்பதற்கு அவர்கள் மறுபடியும் காரெடுத்து வரவேண்டும்.

கார் என்றதும் ஜன்னலின் ஞாபகம் வருகிறது. காரைவிட்டு இறங்காமலே மருந்து வாங்க இங்கே கடைகளில் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அந்த ஜன்னலில் ஹாரன் அடிப்பவரும், தொலைபேசியில் டாக்டரின் உதவியாளரும், நாற்காலியில் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு ஃப்ளூ தடுப்பூசிக்குக் காத்திருப்பவரும், கணினித் திரையில் "இம்மருந்துக்கு முன் அனுமதி தேவை" என்று முரண்டு பிடிக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் ஏககாலத்தில் பிரசன்னமாகும்போது, படித்த மருந்தியல் சாஸ்திரம் முழுவதும் ஒருவனுக்கு எந்தப் பிரயோஜனமும் தருவதில்லை. டாக்டர் எழுதிய மருந்தை மறுப்பவன், நோயாளியை ஆயுளில் கண்டிராத இன்ஷூரன்ஸ் குமாஸ்தா; அவனுக்குரிய வசவை வாங்கிக்கொள்பவன் நான்.

ஆஸ்பத்திரியில் ஜன்னல் கிடையாது. மருந்தகம் நிலவறையில் இருக்கிறது. நரம்பில் ஏற்றும் மருந்துகளைக் கலக்கும் அறைக்குள் நுழைவதற்கு மோதிரம், கடிகாரம் யாவற்றையும் கழற்றி, முழங்கை வரை முப்பது விநாடியாவது கழுவி, தலை, முகம், பாதம் எல்லாவற்றுக்கும் உறையிட்டு, அங்கியும் கையுறையும் அணிந்தாக வேண்டும். பாட்டி மடியாகச் சமைக்கையில் நம்மைக் கிட்டே அண்டவிடாமல் விரட்டுவாளே, அதனினும் கடுமையான ஆசாரம் இது. போதாக்குறைக்கு, புதிதாக வந்தவன் கையுறை விரல்நுனிகளைக் கிருமி வளர்க்கும் தட்டில் பதித்து, ஒன்றுகூட முளைக்கவில்லை என்று மும்முறை நிரூபிக்கவேண்டும். பாட்டியிடம் அப்படி ருஜுக் கேட்கும் தைரியம் யாருக்கும் இருந்ததில்லை. எனக்குப் பயிற்சி அளித்தவளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். அவள் கல்லூரிப் படிப்புக்குமேல் ஆஸ்பத்திரியிலேயே ஒரு வருஷம் ரெஸிடென்ஸி என்னும் பயிற்சி செய்தவள். முழுநேர உத்தியோகங்கள் பெரும்பாலும் அத்தகையவர்களுக்கே போவதால்தான் கடையிலேயே நரைத்த எனக்குப் பகுதிநேரம் வாய்த்தது.

எனினும் சித்தப்பா, கடையில் கிட்டாத ஒரு திருப்தி இங்கே கிட்டுகிறது. 1976இல் காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் வகுத்த சூத்திரம் ஒன்று உண்டு: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, ரத்தத்துக் கிரியாட்டினினை 72ஆல் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது உத்தேசமாகப் புலப்படும், பெண்களாயின் 0.85ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். வான்கோமைசின் போன்ற மருந்தின் அளவை நிர்ணயிக்க இதுவே ஆரம்பம். கடையில் இருந்தபோது வாடிக்கையாளரின் முகமும், கோபமும், பேரன் பரீட்சையில் வாங்கிய மார்க்கும் தெரியும். அவருடைய சிறுநீரகம் எந்த ஸ்திதியில் இருக்கிறதென்பது மட்டும் தெரியாது. இப்போது பொட்டாசியம் முதற்கொண்டு யாவும் தெரிகின்றன; ஆசாமி கறுப்பா சிவப்பா என்பதுதான் தெரியவில்லை. அவருக்கான மருந்தைக் குழாயில் வைத்தால், காற்று அதை உந்திக்கொண்டு ஐந்தாம் மாடிக்குக் கொண்டுபோய்விடுகிறது. "மருந்து வந்து சேரவில்லையே!" என்று நர்ஸுகள் நாள்தோறும் தொலைபேசியில் சண்டைக்கு வருவதால், கடையின் நினைவு அறவே அற்றுப்போகவில்லை.

கூலி மணிக்கணக்கில்தான். சம்பளத்தோடு கூடிய வருஷாந்தர லீவு இல்லை. வைத்திய இன்ஷூரன்ஸும் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்பவன், தனக்கு ஜுரம் வந்து அதே ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், மனைவியின் கம்பெனி தரும் இன்ஷூரன்ஸைக் காட்டித்தான் படுக்கவேண்டும் என்ற விசித்திரத்தைத் தங்கள் மருமகள் வாரந்தோறும் எனக்கு ஞாபகப்படுத்துகிறாள்.

நிற்க. தாங்கள் முழங்கால் வலிக்கு, கடையிலேயே இருக்கிறதே என்ற சௌகரியத்தில், ரத்த அழுத்த மாத்திரையோடு டைக்ளோஃபெனாக்கையும் தினந்தோறும் விழுங்கி வருவதாகச் சித்தி எழுதியிருக்கிறாள். டைக்ளோஃபெனாக்கை உடனே நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தின் நிலையறிய டாக்டரைப் பாருங்கள். கிரியாட்டினின் பரிசோதனை செய்து அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள். வயது எனக்குத் தெரியும். எடையைச் சித்தியே பார்த்து எழுதட்டும். தாங்கள் எழுதினால் ஐந்து கிலோவாவது தள்ளுபடி போட்டுவிடுவீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அண்ணன் மகன்